எழுத்தாணி முதல் மின்தூரிகை வரை: கோட்டின் அமுக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கலைப்பீடம், மூன்றாம் வருடம்

கோடொன்றினை வரையும் கை இரண்டு செயல்களை ஒருங்கே செய்கின்றது. ஒன்று நகர்தல், மற்றையது அழுத்துதல். நகர்தல் கோட்டுக்கு வழியைத் தருகின்றது. அழுத்துதல் அதற்குக் கனத்தைத் தருகின்றது. எழுத்தின் வரலாற்றையும் ஓவியத்தின் வரலாற்றையும் எழுதியோர் பெரும்பாலும் முன்னதையே கருத்திற் கொண்டனர். எந்த நூற்றாண்டில் எந்த எழுத்து எவ்வாறு வளைந்தது, எப்பகுதி சுழிபெற்றது என்பன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. கை எவ்வளவு ஊன்றியது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டது. அதற்குக் காரணமுண்டு. வழி தாளிலே நிற்கின்றது. அமுக்கம் வரைந்த கணத்தோடு போய்விடுகின்றது. நமக்கு எஞ்சுவது அதன் விளைவு மாத்திரமே.

1980களில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. கணனியோடு இணைக்கப்பட்ட வரைபலகைகள் பேனை முனை எங்கே செல்கின்றது என்பதுடன், எவ்வளவு அழுத்தப்படுகின்றது என்பதையும் எண்ணாகப் பதிவுசெய்ய முற்பட்டன. இன்று ஓவிய மென்பொருள்களில் தூரிகையின் தடிப்பும் நிறத்தின் செறிவும் கையின் ஊன்றலுக்கேற்ப மாறுவதற்கு அடிப்படை இதுவே. இக்கட்டுரை அம்மாற்றத்தைத் தமிழர் கைக்கொண்ட எழுதுகருவிகளின் நீண்ட பின்னணியில் வைத்து நோக்க முயல்கின்றது. இது தொழினுட்பத்தாரின் விடயம் எனக் கலைப்பீடத்தார் ஒதுக்கிவிடுதல் கூடாது என்பது என் துணிபு. வரலாறு சான்றுகளை நம்பி வாழும் துறை. முன்னர் இல்லாத சான்றுவகை ஒன்று தோன்றியுள்ளதெனின், அதன் இயல்பையும் ஆயுளையும் விசாரிக்கும் பொறுப்பு எம்மையும் சாரும்.

ஈழத்துத் தமிழ்ப் பிள்ளையின் எழுத்தறிவு ஏடு தொடக்குதலோடு ஆரம்பிக்கின்றது. விசயதசமியிலோ தைப்பூசத்திலோ, தாம்பாளத்திற் பரப்பிய அரிசியிற் பிள்ளையின் விரலைப் பிடித்து ஆசிரியர் அகரத்தை எழுதுவிப்பார். அங்கே மையில்லை, கோலுமில்லை. விரலின் அமுக்கமே அரிசியை விலக்கிக் கோட்டினை உண்டாக்குகின்றது. மெல்லத் தொட்டால் எழுத்துத் தோன்றாது. ஊன்றினாற் தாம்பாளத்தின் அடி தெரியும். பிள்ளையின் கைமேல் ஆசிரியரின் கை இருப்பது எழுத்தின் வழியைக் காட்டுவதற்கு என்றே நாம் நினைத்துக்கொள்கின்றோம். எவ்வளவு ஊன்றவேண்டும் என்பதையும் அக்கையே கற்பிக்கின்றது. திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலெழுத்தும் இவ்வகையினதே.

பனையோலையில் எழுதுதல் இதனினும் கடுமையான பயிற்சியை வேண்டிற்று. எழுத்தாணியின் கூர்முனை ஓலையின் மேற்பரப்பைக் கீறும். கீறிய மாத்திரத்தில் எழுத்துத் தெளிவாய்த் தெரியாது. கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்த பின்னரே கீறலினுட் கறுமை தங்கி எழுத்துப் புலப்படும். கை மெலிதாக இயங்கின் கரி தங்காது. மிக ஊன்றின் ஓலை நார்வழியே பிளக்கும். இவ்விரண்டு எல்லைகளுக்குமிடையே ஏடெழுதுவோன் தன் கையை மணிக்கணக்காக ஒரே சீராக வைத்திருத்தல் வேண்டும். சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமைக்கு, புள்ளி ஓலையைத் துளைத்துவிடும் என்ற அச்சமே காரணம் எனப் பொதுவாகக் கூறுவர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் புள்ளியின் துணையின்றி வேறுபடுத்தும் முறையை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கைக்கொண்டமையும் இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது. கை எவ்வளவு அழுத்தலாம் என்ற சிறு சிக்கல் மொழியின் வரிவடிவம் வரை சென்று முட்டியுள்ளது.

ஓலையெழுத்தின் கோடு எங்கும் ஏறத்தாழ ஒரே அகலமுடையது. ஆதலால் அதில் அமுக்கத்துக்கு இடமில்லை என்று கொள்வது எளிது. ஆயின் அது பொருந்தாது. எழுத்தாணியில் அமுக்கம் ஆழமாக மாறுகின்றது. தூரிகையில் அது அகலமாக மாறுகின்றது. பென்சிலிற் கருமையாக மாறுகின்றது. கோலமிடும் பெண்ணின் விரல்களிலோ அது தலைகீழாகத் தொழிற்படுகின்றது: பெருவிரலும் சுட்டுவிரலும் இறுகினால் மா குறைந்து கோடு மெலியும், நெகிழ்ந்தால் மா கூடிக் கோடு தடிக்கும். ஆகவே, கருவி ஒவ்வொன்றும் அமுக்கத்தை எதுவாக மாற்றுகின்றது என்று வினவுவதே பயனுடையது. கணனித் தூரிகையின் புதுமையும் இவ்வினாவின் வழியாகவே விளங்கும்.

தொல்லியலாளர் இவ்வினாவை முன்னரே அறிந்திருந்தனர் எனலாம். மட்கலத்துக் கீறல்களை ஆராய்வோர், அவை கலம் சுடப்படுமுன் ஈரமண்ணிற் கீறப்பட்டனவா, சுட்டபின் கீறப்பட்டனவா என்று முதலிற் பார்ப்பர். ஈரமண்ணிற் கோல் தடையின்றி அமிழ, மண் இருமருங்கும் ஒதுங்கும். சுட்ட கலத்திற் கை பலமுறை உரசிக் கீறவேண்டும்; கோடு மெலிந்து பிசிறடிக்கும். முன்னது குயவன் கையாகவும், பின்னது கலத்தை வாங்கியவன் கையாகவும் இருத்தல் கூடும். கலத்துக்குரியவர் யார் என்ற சமூக வரலாற்று வினாவுக்கு, அமுக்கத்தின் சுவடே விடைக்கு வழிகாட்டுகின்றது. பூநகரிப் பிரதேசத்து மட்கலச் சாசனங்களைப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993 இல் வெளிவந்த 'பூநகரி தொல்பொருளாய்வு' என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். எமதூராகிய உருத்திரபுரமும் சுடுமண் உருவங்களால் ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்த இடமே. வயல் உழும்போது ஓட்டுத்துண்டு அகப்படுவது அங்கே புதினமன்று.

தூரிகைக் கோட்டின் தடிப்பும் மெலிவும் தமிழ் வாசகர் கண்ணுக்குப் பழகியது சஞ்சிகைகளின் வாயிலாகவே. 'கல்கி'யில் 1950 தொடக்கம் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்த சித்திரங்களை இங்கு நினைவுகூரலாம். அக்கால அச்சுமுறையில் கோட்டுச் சித்திரங்கள் உலோக அச்சுக் கட்டைகளாக மாற்றப்பட்டன. கட்டையில் மையேறும் இடம் கறுப்பு. ஏறாத இடம் வெள்ளை. இடைப்பட்ட சாம்பல் நிறம் அதில் இல்லை. எனவே நிழலையும் திரட்சியையும் ஆடையின் மடிப்பையும் கோட்டின் அகலம் ஒன்றினாலேயே காட்டவேண்டியிருந்தது. கன்னத்தில் மெலிந்து தாடையிற் தடித்து மீண்டும் மெலியும் கோடு ஓவியரின் அழகுணர்ச்சியால் மாத்திரம் பிறந்ததன்று. அச்சுக்கட்டையின் வரையறையும் அதனை வேண்டிற்று. ஈழத்தில் 'சிரித்திரன்' ஆசிரியர் சி. சிவஞானசுந்தரம் வரைந்த 'சவாரித் தம்பர்' போன்ற கேலிச்சித்திரங்களிலும் கோட்டின் கனம் நகைச்சுவைக்குத் துணைநின்றது.

இன்னொரு கருவியையும் மறந்துவிடலாகாது. பாடசாலை வினாத்தாள்களும் கையெழுத்துச் சஞ்சிகைகளும் சங்கத் துண்டுப்பிரசுரங்களும் ஒருகாலத்தில் 'ரோணியோ' இயந்திரத்திலேயே பிரதியெடுக்கப்பட்டன. மெழுகு பூசிய தாளில் உலோக முனையாற் கீறி எழுதவேண்டும். மென்மையாகக் கீறினால் மை ஊறாது. ஊன்றினாற் தாள் கிழிந்து எழுத்தின் நடுவே மைக்கறை படியும். அச்சியந்திரம் வந்து நூற்றாண்டு கடந்த பின்னரும் எழுத்தாணியின் ஒழுக்கம் ஆசிரியர் ஓய்வறைகளில் உயிரோடிருந்தது. எழுத்தறிவின் வரலாற்றை அச்சின் வெற்றியாக மாத்திரம் எழுதுவோர் கண்ணில் இது படுவதில்லை.

இனி இயந்திரத்தின் பக்கம் வருவோம். கையின் அசைவை இயந்திரத்தாற் கடத்தும் முயற்சி பழையது. அமெரிக்கரான எலிஷா கிரே 1888 இல் தொலைவிலிருந்தே கையெழுத்தை வரையும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஓரிடத்தில் எழுதும் பேனையின் அசைவு கம்பிவழியே சென்று மற்றோரிடத்துப் பேனையை அசைத்தது. 1963 இல் ஐவன் சதர்லன்ட் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 'ஸ்கெச்பாட்' என்னும் நிரலை ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். ஒளிப்பேனையாற் திரையிலே நேரே வரைய அது வழிசெய்தது. அடுத்த ஆண்டு ராண்ட் நிறுவனம் அறிவித்த வரைபலகை, பத்தங்குலச் சதுரத்துள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்களை வேறுபடுத்தவல்லதாயிருந்தது. அதன் பேனை முனையில் ஒரு சிறு ஆளி இருந்தது. அழுத்தினால் அது மூடும், எடுத்தாற் திறக்கும். அமுக்கம் முதன்முதலாக எழுதுபலகையினுட் புகுந்தது இவ்வாறே: ஆம், இல்லை என்ற இரண்டே சொற்களாக.

வழியை மாத்திரம் எடுத்துக் கனத்தை விட்டுவிடுவது அக்காலக் கணனியியலின் பொது இயல்பாயிருந்தது. இதற்கு எம் பண்பாட்டிலிருந்தே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ற் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் இணைந்து 1974 இல் கோலங்களின் இலக்கணம் பற்றிய ஆய்வுக்கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். வாசலில் இடப்படும் கோலம் சில விதிகளால் மீண்டும் மீண்டும் பிறக்கக்கூடிய வடிவம் என்பதை அவர்கள் கணித முறையில் நிறுவினர். தமிழ்ப் பெண்களின் நாளாந்தச் செயல் கணனியியலின் ஆய்வுப்பொருளாகிய அரிய நிகழ்ச்சி அது. ஆயின் அவ்விலக்கணத்துட் கோலத்தின் புள்ளிகளும் வளைவுகளும் உள. மாவை இறுக்கியும் நெகிழ்த்தியும் விட்ட விரல்கள் இல. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. இலக்கணம் காண்போர் எதையேனும் விட்டே ஆகவேண்டும். எதை விட்டனர் என்பதை வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ளலாம்.

விடப்பட்டதை மீட்ட கருவிகளுள் முதன்மையானவை ஜப்பானில் 1983 இல் தொடங்கப்பட்ட வக்கொம் நிறுவனத்தின் பலகைகள். 1984 இல் அது கம்பியற்ற பேனையுடைய பலகையை வெளியிட்டது. தூரிகையால் எழுதும் மரபுடைய நாடாதலால் அமுக்கத்தின் அருமையை அவர்கள் உணர்ந்தனர் என்று சொல்லிவிடக் கை துடிக்கின்றது. ஆயின் அத்தகைய பலகைகளை அன்று பெரிதும் வாங்கியோர் பொறியியல் வரைஞர். அவர்களுக்கு வேண்டியது துல்லியமான இடமேயன்றித் தூரிகையின் நளினமன்று. பண்பாட்டைக் காரணமாகக் காட்டுவது எளிது. சந்தையையும் சேர்த்துப் பார்த்தாலன்றி வரலாறு நிறைவுறாது.

அப்பலகை தொழிற்படும் விதம் எளிய பௌதிகமே. பலகையின் அடியிற் கம்பிவலை ஒன்று உண்டு. அது மாறும் மின்காந்தப் புலத்தை உண்டாக்கும். பேனையினுள் ஒரு சுருளும் ஒரு கொள்ளளவியும் உள. அவை பலகையின் புலத்தாற் சத்தி பெற்று, ஊஞ்சல் உந்தலுக்கு இசைந்து ஆடுவதுபோல அதிர்ந்து, ஒரு சைகையைத் திருப்பியனுப்பும். எக்கம்பிகளிற் சைகை வலுவாக இருக்கின்றதோ அவற்றைக்கொண்டு பேனையின் இடம் கணிக்கப்படும். முனையை அழுத்தும்போது உள்ளுறுப்பு சிறிது நகர, பரிவு நிகழும் அதிர்வெண் மாறும். அம்மாற்றத்தின் அளவே அமுக்கத்தின் அளவாகும். பேனைக்கு மின்கலமே வேண்டியதில்லை. சத்தியைப் பலகையே கொடுத்து, விடையைப் பலகையே வாங்கிக்கொள்ளும்.

பலகை அமுக்கத்தைக் கண்டறிந்தாலும் அதனை என்ன செய்வது என்று மென்பொருள் அறிந்திருக்க வேண்டும். 1986 இல் ஸ்ரீவ் ஸ்ராஸ்மன் என்பார் மயிர்த்தூரிகை பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். ஜப்பானிய மைத்தூரிகையைக் கணனியில் மீட்டுருவாக்குவது அவர் நோக்கம். தூரிகையை ஒரு முழுப்பொருளாகக் கருதாது, தனித்தனி மயிர்களின் வரிசையாக அவர் கொண்டார். ஒவ்வொரு மயிரும் தன் பங்கு மையை ஏந்திச் செல்லும். அமுக்கம் கூடக் கோடு விரியும். மை தீர்ந்த மயிர் வெள்ளைக் கீற்றை விட்டுச் செல்லும். பின்னர் 1991 இல் மார்க் சிம்மர், ரொம் ஹெட்ஜஸ் ஆகியோரின் பிரக்டல் டிசைன் நிறுவனம் 'பெயின்ரர்' என்னும் மென்பொருளை விற்பனைக்கு விட்டது. அதனைப் பெயின்ற் தகரத்தினுள் வைத்தே விற்றனர். வேடிக்கையான விளம்பரந்தான், ஆயினும் அதிற் கருத்தொன்று உண்டு. 1990 இல் வெளிவந்த 'போட்டோசொப்' புகைப்படத்தைத் திருத்துவோருக்காகத் தோன்றியது. 'பெயின்ரர்' கரியும் எண்ணெய்வண்ணமும் நீர்வண்ணமும் கையாண்ட கைகளுக்காகத் தோன்றியது. போட்டோசொப்பின் தூரிகைப் பொறி 2002 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பிலேயே புதிதாக அமைக்கப்பட்டது.

இம்மென்பொருள்களின் உள்ளே நிகழ்வதைச் சிறிது விளக்குதல் தகும். பேனை நகரும்போது பலகை ஒரு செக்கனுக்கு நூற்றுக்கு மேற்பட்ட தடவை செய்தி அனுப்புகின்றது. ஒவ்வொரு செய்தியிலும் கிடை இடம், நிலை இடம், அமுக்கம் ஆகியனவும், சில கருவிகளிற் பேனையின் சரிவும் இருக்கும். மென்பொருள் அப்புள்ளிகளை வளைகோட்டால் இணைத்து, அவ்வழியே தூரிகை முனையின் சிறு முத்திரைகளை நெருக்கமாகக் குத்திக்கொண்டு செல்லும். முத்திரைகள் நெருங்கியிருந்தாற் கண்ணுக்குக் கோடாகத் தோன்றும்; இடைவெளி கூடினாற் கோடு மணிமாலையாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு முத்திரையின் பருமனையும் செறிவையும் அவ்விடத்து அமுக்கம் தீர்மானிக்கின்றது.

ஆயின் பலகை தரும் எண் அப்படியே முத்திரைக்குச் செல்வதில்லை. இடையில் ஒரு வளைகோடு உண்டு. இதனை எம்மூர் வழக்கில் விளக்குவது எனக்கு எளிது. உருத்திரபுரத்தின் குறிச்சிகள் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என வாய்க்கால்களின் பெயராலேயே அறியப்படுவன. இரணைமடுக் குளத்து நீரால் விளையும் ஊர் அது. துருசை எவ்வளவு திறந்தால் வயலுக்கு எவ்வளவு நீர் வரும் என்பது நேர்விகிதத்தில் அமைவதன்று. குளத்து நீர்மட்டம், துருசின் வாய், வாய்க்காலின் சரிவு யாவும் இடைநின்று தீர்மானிக்கும். அமுக்க வளைகோடும் அத்தகையதே. வளைகோடு தொடக்கத்திலேயே செங்குத்தாக எழுந்தால் மெல்லிய தொடுகைக்கே தூரிகை விரியும். தாழ்ந்து சென்று இறுதியில் எழுந்தால், வலிய கை ஊன்றினாலன்றி விரியாது. வளைகோட்டை வரைபவரே மாற்றிக்கொள்ளலாம். மாற்றாதவருக்கு, மென்பொருளை ஆக்கியோர் தம் எண்ணத்துக்கேற்ப அமைத்த வளைகோடு நிற்கும். புதிய பலகை வாங்கிய மாணவர் கோடு தன் சொற்கேட்பதில்லை என்று சலித்துக்கொள்ளும்போது, பெரும்பாலும் வேறொருவரின் கைக்கு அளவெடுத்த வளைகோட்டோடுதான் அவர் மல்லாடுகின்றார். இந்த அமைப்பைத் திறந்து பத்து நிமிடம் தம் கைக்கேற்ப வளைத்துப் பார்ப்போர் மிகச் சிலர்.

இதற்கு மாறாக, விளம்பரங்களில் இடம்பெறுவது படிநிலைகளின் எண்ணிக்கையே. 1998 இல் வந்த 'இன்ருவோஸ்' பலகை 1024 படிநிலைகளையும், 2009 இல் வந்த அதன் நான்காம் வகை 2048 படிநிலைகளையும், 2016 அளவில் வந்த பேனைகள் 8192 படிநிலைகளையும் வேறுபடுத்துவனவாகக் கூறப்பட்டன. மனிதக் கை இவ்வளவையும் வேறுபடுத்தி அழுத்த வல்லதா? பத்துப் படிகளில் ஒரே சீராக அழுத்திக் காட்டுவதே பயிற்சியற்ற கைக்கு அரிது. படிநிலைகள் மிகக் குறைந்தாற் கோட்டின் தடிப்புப் படிக்கட்டாகத் துள்ளும் என்பது உண்மை. ஓரெல்லைக்கு மேல் அவ்வெண்கள் கையைவிடக் கடைக்காரருக்கே பெரிதும் உதவுவன. முனை எவ்வளவு மெல்லிய தொடுகையை உணரத் தொடங்குகின்றது என்பது இதனினும் முக்கியமானது. ஆயின் பெட்டியின்மேற் பெரிய எழுத்தில் அது அச்சிடப்படுவதில்லை.

மேலே தந்த ஆண்டுகளை வன்னியின் ஆண்டுகளோடு ஒப்புநோக்காது இக்கட்டுரையை நான் எழுத முடியாது. 1990களிலும் அதற்குப் பின்னரும் வன்னிப் பெருநிலப்பரப்பு தேசிய மின்வலைக்கு வெளியே கிடந்தது. எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்ட பொருள்களாயிருந்த காலம் அது. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். மின்கலம் வேண்டாத பேனை உலகில் விற்பனையாகியது அக்காலத்தில்தான் என்பதை எண்ணும்போது சிரிப்பதா என்று தெரியவில்லை. கிளிநொச்சிப் பிரதேச மக்கள் 1996 இல் இடம்பெயர்ந்தனர், மீண்டனர், 2008 இன் இறுதியில் மீண்டும் இடம்பெயர்ந்தனர். உறுதிகள், பாடக்கொப்பிகள், திருமணப் படங்கள், பிள்ளைகள் வரைந்த சித்திரங்கள் எனக் கைபட்ட தாள்கள் வழியெங்கும் விடப்பட்டன. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் கொண்ட யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981 இல் எரியூட்டப்பட்டமை உலகறிந்தது. வீட்டு இறங்குபெட்டியில் இருந்த தாள்களுக்கு அத்தகைய கணக்கில்லை.

மீள்குடியமர்வின் பின் வளர்ந்த தலைமுறை ஓவியக் கருவியைச் சந்தித்தது கைத்தொலைபேசியின் கண்ணாடியிலே. சாதாரணத் தொடுதிரை விரல் பட்டதை அறியும், ஊன்றலை அளவிடாது. ஆகவே ஓவியச் செயலிகள் ஓர் உபாயத்தைக் கையாளுகின்றன: விரலின் வேகத்தை அமுக்கமாகக் கொள்கின்றன. வேகமாக இழுத்தாற் கோடு மெலியும். மெதுவாகச் சென்றாற் தடிக்கும். பார்வைக்குத் தூரிகைக் கோடு போலவே இருக்கும். ஆயின் அது கையின் ஊன்றலன்று; ஊன்றியிருக்கலாம் என்ற ஊகம். மெதுவாகவும் மென்மையாகவும் ஒரு கோட்டை இழுக்க விரும்புவோனை அச்செயலி புரிந்துகொள்ளாது. பின்னாளில் விலைகுறைந்த சீனப் பலகைகள் பரவியமையும், 'கிரிற்றா' போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைப்பதும் இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளன. 1999 இல் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கிய கிரிற்றா, அமுக்கத்தைத் தடிப்புக்கோ செறிவுக்கோ நிறக்கலப்புக்கோ வேண்டியவாறு இணைக்க இடந்தருகின்றது. எழுத்தாணியில் ஆழமாகவும் தூரிகையில் அகலமாகவும் மட்டுமே மாற முடிந்த அமுக்கம் இங்கு எதுவாகவும் மாறலாம். தமிழகத்தில் இக்கருவிகளைத் தொடக்கத்திலேயே கையிலெடுத்தவராக ஓவியர் டிராட்ஸ்கி மருது குறிப்பிடப்படுகின்றார். அவர் மைக்கோட்டில் தேர்ந்தபின் கணனிக்குச் சென்றவர் என்பதை எம் மாணவ ஓவியர் மனங்கொள்ளவேண்டும்.

இறுதியாக, இவ்விடயம் வரலாற்றுச் சான்றோடு தொடர்புறும் இடத்தை நோக்குவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்னும் கலைநூல், போரால் வீடிழந்தோர் தம் வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தள வரைபுகளைக் கொண்டது. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப்பதிவேடு. அந்நூலில் வீட்டுக்காரரின் கைவரைபு ஓரிடத்தில் இருக்கும். அதே வீடு கட்டடக்கலை வரைபாக மற்றோரிடத்தில் இருக்கும். ஓவியரின் சித்திரம் பிறிதோரிடத்தில் இருக்கும். முதலிரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இக்கட்டுரையின் பொருள் விளங்கும். கட்டடக்கலை வரைபிற் சுவர், கிணறு, சாமியறை யாவும் ஒரே கனத்த கோட்டால் அமைந்துள்ளன. வழி செம்மையாக உள்ளது. கைவரைபிலோ கோடு சிலவிடத்துத் தயங்குகின்றது. சிலவிடத்து மீளவும் மேலால் இழுக்கப்படுகின்றது. முன்னது வீட்டின் அளவைச் சொல்லும் ஆவணம். பின்னது அதனை நினைத்தவரின் கையைச் சொல்லும் ஆவணம். அவற்றை ஒருங்கே பதிப்பித்தமை அந்நூலின் பெருஞ்சிறப்பு என்பேன்.

இத்தகைய வரைபை இன்று அமுக்கமுணரும் பலகையிற் பெற்றால், ஒவ்வொரு தயக்கமும் எண்ணாகக் கிடைக்கும். ஆயின் அது தங்குமா என்பது வேறு வினா. பெரும்பாலான ஓவிய மென்பொருள்கள் கோடு தீட்டப்பட்டவுடன் அமுக்க எண்களைக் கைவிட்டு, விளைந்த நிறப்புள்ளிகளை மாத்திரம் படமாகச் சேமிக்கின்றன. தாளிற் கோடு நின்று அமுக்கம் மறைந்த அதே கதை, அமுக்கத்தை அளந்த பின்னரும் தொடர்கின்றது. இதற்கு மாற்று இல்லாமலில்லை. உலகளாவிய வலைச்சங்கம் 2011 இல் அங்கீகரித்த மின்மை வடிவத்தில், பேனையின் இடத்துக்கும் நேரத்துக்கும் போலவே முனையின் விசைக்கும் தனி வாய்க்கால் ஒதுக்கப்பட்டுள்ளது. வாய்க்கால் என்பது என் உபசாரமன்று. அந்நியமம் வழங்கும் சொல்லின் நேர்பொருளே அது.

பழைய சான்றுகளுக்கும் இதே விழிப்பு வேண்டும். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் உள்ளிட்ட முயற்சிகளால் ஈழத்து ஆவணங்கள் பல மின்வடிவம் பெற்றுள்ளன. அப்பணியின் அருமை சொல்லில் அடங்காது. ஆயினும் நேர்மேலே ஒளிபாய்ச்சி எடுக்கும் படத்தில் ஓலையின் கறுமை பதியுமேயன்றிக் கீறலின் ஆழம் பதியாது. கரி உதிர்ந்த ஏடு அப்படத்தில் வெற்றோலையாகவே தோன்றும். 2001 இல் அறிவிக்கப்பட்ட ஒருமுறை இதற்குத் துணைசெய்யும். கமராவை அசையாது நிறுத்தி, ஒளியை மாத்திரம் பல திசைகளிலிருந்தும் பாய்ச்சிப் பல படங்களை எடுத்து, அவற்றைக் கணனியில் ஒன்றிணைத்தால், கீறலின் விளிம்பு நிழல்கள் அதன் ஆழத்தை வெளிப்படுத்தும். மட்கலச் சாசனங்களுக்கும் இம்முறை பொருந்தும். வேண்டியவை ஒரு கமரா, ஒரு தாங்கி, ஒரு கைவிளக்கு, ஒளியின் திசையைக் காட்டும் பளபளப்பான கறுப்பு உருண்டை ஒன்று, இலவச மென்பொருள் ஆகியனவே. எம் பல்கலைக்கழகத்து வரலாற்றுத்துறை மாணவரும் நுண்கலை மாணவரும் ஒரு விடுமுறையில் ஒருங்கு கூடினால், வன்னியில் எஞ்சியுள்ள வீட்டு ஏடுகள் சிலவற்றிலேனும் இதனைச் செய்து பார்க்கலாம்.